“பெடியனுக்கு என்ன நடக்கப்போகுது?”



போன மாதம் ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு செய்தி பேச்சில் வந்தது. ஒரு ஆசிரியை தன்னிடம் படித்த பையனைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்ததாக வழக்கு. “பெடியனுக்கு அதிர்ஷ்டம்” என்றார் ஒரு மாமா. எல்லோரும் சிரித்தோம். தாதியாக வேலை செய்கிற நாமும் சிரித்தோம்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. மண்டபத்தில் எத்தனை வாலிபப் பெடியன்கள் நின்றார்கள்! அவர்களில் ஒருவனுக்கு இப்படி ஏதும் நடந்திருந்தால், “எங்களிடம் சொல்லாதே” என்றுதான் அன்று அவனுக்குச் சொல்லியிருக்கிறோம். அதே செய்தி ஒரு பெண்பிள்ளையைப் பற்றியதென்றால் யாரும் சிரித்திருக்க மாட்டோம்.

இங்கிலாந்து, வேல்ஸ் சட்டமே 1994 வரை ஆணுக்கு நடந்ததை வல்லுறவு என்று ஏற்கவில்லை. சமூகம் அதைவிட மெதுவாகத்தான் மாறுகிறது. 2016இல் முன்னாள் கால்பந்து வீரர் அன்டி வூட்வார்ட், சிறுவயதில் பயிற்சியாளர் பாரி பென்னல் தனக்குச் செய்ததைப் பகிரங்கமாகச் சொன்னார். அதன்பிறகு மற்ற வீரர்கள் பலரும் வாய் திறந்தார்கள். 2018இல் பென்னலுக்கு நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. உடல் பலமுள்ள அந்த மனிதர்கள் பல வருடங்கள் மௌனமாக இருந்தார்கள்.

நம் சனத்துக்கும் இது தூரத்துக் கதை அல்ல. இலங்கையில் தடுப்புக்காவலில் பெண்களைப் போலவே ஆண்களும் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள் என்று 2015இல் வெளியான ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் விசாரணை அறிக்கை சொல்கிறது. இரவில் தூக்கம் வராத சித்தப்பாமார் நம் வீடுகளில் இல்லையா? அவர்கள் சொல்ல நாம் இடம் கொடுத்தோமா?

“ஏன் தள்ளிவிட்டு ஓடவில்லை?” என்றுதான் முதலில் கேட்கிறோம். பயத்தில் உடம்பு விறைத்து அசையாமல் போவது இயல்பு. அது கோழைத்தனம் அல்ல. சிலருக்கு விருப்பமே இல்லாமல் உடம்பு கிளர்ச்சி காட்டும். கூசினால் சிரிப்பு வருவதுபோல அதுவும் தானாக நடப்பது, சம்மதம் அல்ல. நடந்ததால் ஒருவனுடைய ஆண்மை குறைவதும் இல்லை.

ஞாயிறு பாடசாலையில் யோசேப்பின் கதையை, சோதனையை விட்டு ஓடுவதற்கான பாடமாகப் படித்தோம். அவன் அடிமை, அவள் எசமானின் மனைவி என்பதை எத்தனை பேர் யோசித்தோம்? நாள்தோறும் வற்புறுத்தப்பட்டவன் அவன். கடைசியில் சிறைக்குப் போனவனும் அவன்தான்.

யாராவது உங்களிடம் சொன்னால், குறுக்கு விசாரணை வேண்டாம். “உன்னை நம்புகிறேன். இது உன் பிழை இல்லை” என்பது போதும். இப்போதுதான் நடந்ததென்றால் ‘சார்க்’ எனப்படும் பாலியல் தாக்குதல் உதவி மையத்துக்குக் கூட்டிப்போங்கள். அங்கே ஆண்களையும் பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. பெரியவர்கள் பொலிசுக்குப் போகாமலும் அங்கே உதவி பெறலாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது. முடிந்தால் குளிக்காமல், உடுப்பைத் துவைக்காமல் போவது நல்லது. பல வருடங்களுக்கு முன் நடந்ததென்றாலும் உதவி உண்டு. பிள்ளைகள் 0800 1111இல் சைல்ட்லைனோடு இலவசமாகப் பேசலாம்.

பெற்றோருக்கும் சபை மூப்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பாதிக்கப்பட்டவர் பிள்ளை என்றால் “நமக்குள்ளேயே பேசி முடிப்போம்” என்பது வேண்டவே வேண்டாம். சபையின் சிறுவர் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் உடனே சொல்லுங்கள். ஆபத்து இருந்தால் 999.

அடுத்த முறை தேநீர் மேசையில் யாராவது அப்படிச் சொன்னால், “மாமா, அது சிரிக்கிற விஷயம் இல்லை” என்று நம்மில் ஒருவராவது மரியாதையாகச் சொல்வோம். பக்கத்தில் நிற்கிற தம்பி ஒருவன் அதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.