கடிதத்தில் முரண், கேரளத்துக்கு எதிராக ஒற்றுமை

1949 செப்டம்பர் 10 அன்று ஜவாஹர்லால் நேரு, ராஜேந்திர பிரசாத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பிறக்கவிருந்த குடியரசுக்கு ராஜாஜியே தலைவராவது நல்லது. வல்லபாய் பட்டேலுடன் பேசியதிலும் அதுவே சரியெனப் பட்டது. அவர் ஏற்கெனவே கவர்னர் ஜெனரலாக இருப்பதால் மாற்றமும் குறைவு என்பது அதன் சாரம். மனம் புண்பட்ட பிரசாத் நீண்ட பதில் எழுதினார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தை ஏற்காதவர் ராஜாஜி என்று காங்கிரசாரிடையே எதிர்ப்பு வலுத்தது. 1950 ஜனவரி 24 அன்று அரசியல் நிர்ணய சபையில் பிரசாத் போட்டியின்றித் தேர்வானார்.

இந்தக் கடிதங்களைச் சங் பரிவாரம் திரும்பத் திரும்பத் தூக்கிப் பிடிக்கிறது. நேரு பிரசாத்தை வஞ்சிக்கப் பார்த்தார் என்பது அதன் பிரச்சாரம். காங்கிரஸ் ஆதரவாளர்களோ நேருவுக்காக வாதாடுகிறார்கள். யாருக்கு நாற்காலி என்ற கேள்வியோடு இரு தரப்பும் நின்றுவிடுகின்றன. அந்த நாற்காலி யாருக்கு எதிராகப் பயன்பட்டது என்ற கேள்விக்கு விடை திருவனந்தபுரத்தில் இருக்கிறது.

1957 ஏப்ரல் 5 அன்று தோழர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் அமைச்சரவை அங்கே பதவியேற்றது. ஆறே நாட்களில் குத்தகை விவசாயிகளை நிலத்திலிருந்து வெளியேற்றத் தடை விதித்து அவசரச் சட்டம் பிறந்தது. செப்டம்பரில் சட்டமன்றம் கல்வி மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் பிரசாத் அதை உச்சநீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். ஒப்புதல் வந்தது 1959 பிப்ரவரியில்தான். 1959 ஜூன் 10 அன்று நிறைவேறிய விவசாய உறவு மசோதாவோ ஒப்புதலின்றிக் கிடந்தது. ஐம்பத்தொரு நாட்கள் கழித்து, ஜூலை 31 அன்று, மசோதாவை இயற்றிய அரசே கலைக்கப்பட்டது. நேருவின் அமைச்சரவை பரிந்துரைத்தது, பிரசாத் கையெழுத்திட்டார். பத்தாண்டுகளுக்கு முன் கடிதத்தில் முரண்பட்ட இருவரும் அந்த ஆணையில் ஒன்றுபட்டார்கள்.

மூன்றாமவரான ராஜாஜியும் வேறுபட்டவரல்ல. 1952-ல் மக்களிடம் வாக்குக் கேட்காமல், ஆளுநரின் நியமனத்தால் மேலவை உறுப்பினராகிச் சென்னை மாகாண முதல்வரானவர் அவர். கம்யூனிஸ்டுகளே தமது முதல் எதிரி என்று சட்டமன்றத்திலேயே அறிவித்தவர்.

அமைச்சரவை சொல்வதைத்தானே குடியரசுத் தலைவர் செய்கிறார் என்று சிலர் கேட்கலாம். அதனால்தான் தனிமனிதச் சண்டைகளில் வரலாற்றைத் தேடுவது வீண். மூவரில் எவர் அமர்ந்திருந்தாலும், நிலப்பிரபுக்களின் நலனுக்கு ஆபத்து வந்தபோது டெல்லி அந்த ஆணையைப் பிறப்பித்தே இருக்கும்.

இடதுசாரிகள் இந்தப் பதவிக்கான தேர்தலை வேறுவிதமாக அணுகினர். கலைக்கப்பட்ட அந்த 1957 அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர், 1987-ல் இடதுசாரிகள் உள்ளிட்ட எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக ஆர். வெங்கட்ராமனை எதிர்த்து நின்றார். வாக்குக் கணக்கு காங்கிரஸ் பக்கம் என்பது ஊரறிந்த செய்தி. வெங்கட்ராமனுக்கு 7,40,148, கிருஷ்ணய்யருக்கு 2,81,550. வெற்றி வாய்ப்பை எண்ணிப் பார்த்திருந்தால் அந்தப் போட்டியே நடந்திருக்காது. ஒரு மாற்றுக் கருத்தை நாட்டின் முன் வைப்பதற்காகவே அது நடந்தது.

இது பழங்கதையல்ல. 2023-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களை ஆளுநர் கிடப்பில் போட்டதால் கேரள அரசு உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. வழக்கு நடக்கும்போதே ஆளுநர் ஏழு மசோதாக்களைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தார். கல்வி மசோதா 1957-ல் சென்ற அதே பாதை. தமிழ்நாடும் இதே கொடுமையை அனுபவித்தது. அன்று காங்கிரஸ் கையாண்ட ஆயுதத்தை இன்று பாஜக கூர்தீட்டி வைத்திருக்கிறது.

நேருவா பிரசாத்தா என்ற பட்டிமன்றத்தில் உழைக்கும் மக்களுக்கு வேலையில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்தின் சட்டம், நியமிக்கப்பட்டவரின் மேசையில் மடியக் கூடாது. மாநில உரிமைக்கான இந்தப் போராட்டம் குத்தகை விவசாயியின் நிலத்துக்கும் தொழிலாளியின் பிள்ளையின் படிப்புக்குமான போராட்டமே என்பதை ஒவ்வொரு கிளையும் மக்களிடம் கொண்டு செல்ல வேண்டும்.