பேய்கள் ஏன் புதுநகரத்துக்குப் போவதில்லை?

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் பேய் ஒரு தொழில். மாலையானால் கறுப்பு அங்கி போட்ட வழிகாட்டிகள் ராயல் மைல் தெருவில் ஆள்சேர்த்து, சந்துகளுக்கும் நிலவறைகளுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் அழைத்துப்போகிறார்கள். பேய் என்பது மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் இதைக் கடந்துவிடலாம். பகுத்தறிவின் பெயரால் நம்மில் பலர் செய்வதும் அதுதான். ஆனால் ஒரு நகரம் எந்தச் சாவைக் கதையாக்குகிறது, எந்தச் சாவைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பது நம்பிக்கை பற்றிய கேள்வியல்ல, அரசியல் கேள்வி.

சாவுச் சடங்குகளிலும் சுடுகாட்டுப் பாதைகளிலும் சாதி எப்படி இயங்குகிறது என்பது என் ஆய்வு. அடுத்த மாதம் ஒரு கருத்தரங்குக்காக எடின்பரோ போகிறோம். கூட வரும் இளைய ஆய்வாளர்கள் பேய் நடைக்குச் சீட்டு எடுத்துவிட்டு, "அக்கா, போறதுக்கு முன்னாடி என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டார்கள். "பேய்க்குக்கூட அரசியல் வகுப்பாக்கா?" என்று ஒருவன் சலித்துக்கொண்டான். அவனுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். மழைச்சட்டை, வழுக்காத ஷூ பற்றியெல்லாம் சீட்டு விற்பவர்களே சொல்லிவிடுவார்கள்.

முதலில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொள்ளுங்கள். எடின்பரோ இரண்டு நகரம். கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனைவரை இறங்கும் மேட்டில் பழைய நகரம். ஒரு பள்ளம் தாண்டி வடக்கே, 1767இல் ஜேம்ஸ் கிரெய்க் வரைந்த திட்டப்படி நேர்கோட்டுத் தெருக்களோடு எழுந்த புதுநகரம். அதற்குமுன் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாகப் பணக்காரரும் ஏழையும் குடியிருந்தார்கள். புதுநகரம் வந்ததும் வசதியானவர்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். பழைய நகரம் கூலிகளுக்கும், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கும் ஆனது. இப்போது பேய் நடைகள் நிற்கும் இடங்களைக் குறித்துப் பாருங்கள். பெரும்பாலானவை பழைய நகரத்தில்தான் விழும்.

நமக்கு இது புதிதல்ல. "இருட்டினப்புறம் அந்தப் பக்கம் போகாதே" என்று ஊர்த்தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் பாதை பெரும்பாலும் சுடுகாட்டுக்குப் போகும், இல்லையென்றால் சேரிக்குப் போகும். அதே இருட்டில் அதே பாதையில் தினமும் வேலை முடிந்து நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது வீட்டுக்குப் போகிற வழி.

மேரி கிங்ஸ் குளோஸ் என்ற சந்துக்கு வருவோம். 1645இல் கொள்ளைநோய் வந்தபோது நோயாளிகளை உயிரோடு உள்ளே வைத்துச் சுவர் எழுப்பினார்கள் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. அப்படி நடக்கவில்லை. நடந்தது வேறு. 1753இல் வணிகர்களுக்காக ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டத் தொடங்கியபோது, சந்திலிருந்த வீடுகளின் மேல்தளங்களை இடித்துவிட்டு, கீழ்த்தளங்களையே அஸ்திவாரமாக்கிக்கொண்டார்கள். இன்று அந்தக் கட்டடத்தில் இயங்குவது நகர மன்றம். மன்றம் மேலே, ஏழைகளின் அடுப்படியும் படுக்கையறையும் கீழே. பொய்க்கதையில் வில்லன் கொள்ளைநோய், அது போய்விட்டது. உண்மைக் கதையின் கட்டடம் இன்னும் நிற்கிறது. எந்தக் கதை சீட்டு விற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பர்க், ஹேர் இருவரின் பெயரைச் சொல்லாமல் எந்த வழிகாட்டியும் நடையை முடிக்க மாட்டார். இங்கேதான் நன்றாகத் தயாராகிப் போக வேண்டும். அன்றைய சட்டப்படி அறுத்துப் படிக்க மருத்துவப் பள்ளிகளுக்குக் கிடைத்தவை தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களின் உடல்கள் போன்ற சிலதான். மாணவர்கள் பெருகினார்கள், உடல்கள் போதவில்லை. புதைத்த பிணத்தைத் தோண்டி விற்பது தொழிலானது. 1827இல் ஹேரின் விடுதியில் வாடகை பாக்கியோடு ஒரு முதியவர் நோயால் இறந்தார். அவர் உடலை டாக்டர் ராபர்ட் நாக்ஸின் பள்ளிக்கு ஏழு பவுண்டு பத்து ஷில்லிங்குக்கு விற்றார்கள். அடுத்த ஆண்டு முடிவதற்குள் பதினாறு பேரைக் கொன்று விற்றார்கள். தங்க வந்தவர்கள், தெருவில் திரிந்தவர்கள், தேடி வர ஆளில்லாதவர்கள். சிலருடைய பெயர்கூடப் பதிவாகவில்லை. பெயர் தெரிந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் வில்சன். மனவளர்ச்சி குன்றிய இளைஞர். தெருவில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். மேசையில் கிடந்த உடலை மாணவர்கள் அடையாளம் கண்டபோது, இது அவரில்லை என்றார் நாக்ஸ்.

தீர்ப்பைக் கவனியுங்கள். ஹேர் அரசுத் தரப்பு சாட்சியாகித் தப்பினான். பர்க் 1829 ஜனவரி 28 அன்று தூக்கிலிடப்பட்டான். அவன் உடலையும் அறுத்தார்கள். எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழக உடற்கூற்று அருங்காட்சியகத்தில் நிற்கிறது. காசு கொடுத்து உடலை வாங்கிய நாக்ஸ்மீது வழக்கே இல்லை. பிறகு 1832இல் உடற்கூற்றுச் சட்டம் வந்தது. அது என்ன சொன்னது? ஏழை விடுதிகளில் இறந்து, யாரும் உரிமை கோராத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்கலாம் என்றது. முன்பு கொலைகாரனுக்கு விதித்த தண்டனை இப்போது ஏழையாகச் செத்தவருக்கு வந்து சேர்ந்தது. பர்க்கின் பேயைப் பற்றி எத்தனையோ கதைகள் கேட்கலாம். இந்தச் சட்டத்தைப் பற்றி வழிகாட்டி சொல்லாவிட்டால் நாம் கேட்க வேண்டும்.

கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் சில கல்லறைகள்மேல் இரும்புக் கூண்டு இருக்கும். பிணம் வெளியே வராமலிருக்க என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். பிணத் திருடர்கள் உள்ளே கைவைக்காமலிருக்கப் போட்டவை அவை. காசுள்ளவர்களால்தான் போட முடிந்தது. அங்கே என் வரைபடத்துக்கு அடங்காத பேய் ஒன்றும் உண்டு: ஜார்ஜ் மெக்கன்சி, அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர். அரசர் திணித்த தேவாலய முறையை ஏற்காத சுமார் 1,200 பேரை 1679இல் அந்தத் தோட்டத்தை ஒட்டிய வெளியில் மாதக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். அவர்கள்மீது வழக்கு நடத்தியவர் இவர். ஆண்டவர் பேயானால் பெயரும் மாளிகை போன்ற சமாதியும் உண்டு. திறந்த வெளியில் குளிரில் செத்தவர்கள் அந்தக் கதையில் வெறும் எண்ணிக்கை.

எல்லாக் கதையும் அப்படியே கிடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1563 முதல் 1736வரை சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டி ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய 2,500 பேரைக் கொன்றிருப்பார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. பெரும்பாலோர் பெண்கள். பேய் நடைகளின் நிரந்தரச் சரக்கு இவர்கள். இரண்டு பெண்கள் தொடங்கிய இயக்கம் மன்னிப்பும் நினைவிடமும் கேட்டது. 2022 மார்ச் 8 அன்று முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பயமுறுத்தப் பயன்பட்ட கதை கோரிக்கை மனுவானது.

இனி, நடையில் வராத சாவுகள். புதுநகரத்தின் செயின்ட் ஆண்ட்ரூ சதுக்கத்தில் உயர்ந்த தூணின்மேல் ஹென்றி டண்டாஸ் நிற்கிறார். அடிமை வணிகத்தை ஒழிக்கும் தீர்மானம் 1792இல் வந்தபோது, 'படிப்படியாக' என்ற ஒரு சொல்லைச் செருகித் தள்ளிப்போட்டவர். நம் நாட்டை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியைக் கட்டுப்படுத்திய வாரியத்துக்கும் தலைவராக இருந்தவர். 'படிப்படியாக' என்ற சொல்லை நாமும் நிறையக் கேட்டிருக்கிறோம். அடிமைமுறை ஒழிந்தபோது அடிமைகளுக்கல்ல, உடைமையாளர்களுக்கு அரசு இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. வாங்கியவர்களின் முகவரிகளில் புதுநகரத் தெருக்கள் வருகின்றன. பர்க்கின் எலும்புக்கூடு நிற்கும் பல்கலைக்கழகத்திலேயே, உலகின் பல பகுதிகளிலிருந்து கொண்டுவந்த மண்டையோடுகளும் இருக்கின்றன. இனங்களை மேல் கீழ் என்று அடுக்கிக்காட்ட ஒரு காலத்தில் அவற்றை அளந்தார்கள். இலங்கையின் பூர்வகுடிகளான வேடர்களின் ஒன்பது மண்டையோடுகள் 2019இல்தான் அவர்களுடைய தலைவரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன.

அதற்காக வழிகாட்டியை நடுத்தெருவில் மடக்க வேண்டாம். அவரும் மழையில் நின்று தொண்டை கிழியப் பேசும் கூலித் தொழிலாளி. பலருக்கு டிப்ஸ்தான் வருமானம். "செத்தவர் பெயர் என்ன? அதனால் யாருக்கு லாபம்? அவர் எங்கே குடியிருந்தார்?" என்று மூன்று கேள்விகளை நட்போடு கேட்டால் போதும். பலர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள் என்றே நினைக்கிறேன். கொடுத்த வசனத்தைத் தினமும் ஒப்பிப்பது அவர்களுக்கும் அலுத்துப்போயிருக்கும்.

நம் நகரங்களிலும் மரபு நடைகள் பெருகிவிட்டன. பேய் நடையும் வரும். கொலையுண்டவர்களைப் பேயாக விடாமல் சாமியாக்கியவர்கள் நாம் என்று பெருமைப்படும் நண்பர்கள் உண்டு. அந்தச் சாமிகளுக்கு நடந்ததையும் பாருங்கள். சக்கிலியர் வீட்டில் வளர்ந்த மதுரை வீரனைக் காசி ராஜா பிள்ளையாக்கினார்கள். பறையர் வீட்டில் வளர்ந்து, பார்ப்பனப் பெண்ணைக் காதலித்துக் கழுவேறிய காத்தவராயனைச் சிவன் பிள்ளையாக்கினார்கள். முத்துப்பட்டன் மணந்த சக்கிலியப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் பிறப்பால் பார்ப்பனர்கள் என்று பிற்காலத்தில் கதையை மாற்றியதை நா. வானமாமலை சுட்டிக்காட்டியிருக்கிறார். அங்கே குற்றவாளியை மறைத்துக் கதை சொல்கிறார்கள். இங்கே செத்தவரின் பிறப்பையே திருத்திவிட்டோம்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குப் போகும் வழி ஆதிக்கச் சாதியினரின் நிலத்தில் அடைபட்டிருந்ததால், ஒரு தலித் மனிதரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். காணொளி பரவிய பிறகு உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அந்தப் பாலத்தில் ஒருநாள் யாராவது கூட்டத்தை நிறுத்திக் கதை சொன்னால், வேலி யாருடையது என்று சொல்வாரா?