11 கோப்பை பெரிதா? தோற்ற ராத்திரி போட்ட சாப்பாடு பெரிதா?

அமெரிக்காவின் தொழில்முறை கூடைப்பந்தில் மிகச் சிறந்த பயிற்சியாளர் யார்? ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டைதான்.

"கோப்பையை எண்ணு, தீர்ந்தது வழக்கு" என்கிறது ஒரு கட்சி. எண்ணினால் முதல் இடம் பில் ஜாக்சனுக்கு. சிகாகோ புல்ஸ் அணிக்கு 6, லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்கு 5. ஆக 11 கோப்பை! வெற்றி உறுதி என்று தெரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே சுருட்டு பற்ற வைத்த பாஸ்டன் ரெட் அவர்பாக்குக்கு 9.

"ஜோர்டான் மாதிரி ஆள் கிடைச்சா யார்தான் ஜெயிக்க மாட்டாங்க?" என்று எதிர்க்கட்சி மடக்கும்.

மடக்கினால் ஆச்சா? மைக்கேல் ஜோர்டான் 1984-ல் இருந்தே சிகாகோவில் ஆடினார். 1989-ல் ஜாக்சன் தலைமைப் பயிற்சியாளர் ஆகும்வரை ஒரு கோப்பை கூட வரவில்லை. பந்தை மற்றவர்களுக்கும் கொடுத்து ஆடும்படி ஜோர்டானையே சம்மதிக்க வைத்தார் ஜாக்சன். லேசுப்பட்ட வேலையா அது?

ஆனாலும் ஜெயித்த கணக்கு மட்டும் போதாது. தோற்ற ராத்திரி அந்த ஆள் என்ன செய்தார் என்றும் கேட்க வேண்டும்.

பாக்கி 28 வினாடி!

2013 ஜூன் 18. மியாமி நகரம். இறுதிப் போட்டியில் 6-வது ஆட்டம். 4 ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. கிரெக் போபோவிச்சின் சான் அந்தோனியோ ஸ்பர்ஸ் அணி ஏற்கனவே 3 ஜெயித்துவிட்டது. இந்த ஆட்டத்திலும் 28 வினாடி பாக்கி இருக்கும்போது 5 புள்ளி முன்னிலை. பரிசளிப்புக்காக ஆடுகளத்தைச் சுற்றிக் கட்ட, கயிறு கூட வந்துவிட்டது!

அங்கேதான் வந்தது வினை. யாரும் மறிக்காமல் எறியும் பிரீ த்ரோ இரண்டில், 21 வயது கவாய் லியோனார்டு ஒன்றைக் கோட்டை விட்டார். போபோவிச்சோ 6 அடி 11 அங்குல டிம் டங்கனை பெஞ்சில் உட்கார வைத்தார். தூரத்தில் இருந்து 3 புள்ளி எறிபவர்களை மறிக்க, ஓடியாடும் ஆள் வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு.

மியாமி எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது. பிடிக்க டங்கன் இல்லை. மியாமியே பிடித்தது. ரே ஆலன் எறிந்தார், 3 புள்ளி! பாக்கி 5.2 வினாடி. ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் ஸ்பர்ஸ் தோற்றது.

அன்று ராத்திரி வெற்றி விருந்துக்கு ஓட்டலில் ஏற்பாடு ஆகியிருந்தது. போபோவிச் அதை ரத்து செய்யவில்லை. அத்தனை பேரையும் வரச் சொன்னார். மேசை மேசையாகப் போய் உட்கார்ந்து பேசினார். சாப்பாடு யாருக்காவது இறங்கியிருக்குமோ என்னவோ, ஒருவரையும் தனியாக விடவில்லை.

7-வது ஆட்டமும் போயிற்று. அடுத்த சீசன் பயிற்சி தொடங்கியபோது அந்தத் தோல்வியைத்தான் படமாகப் போட்டுக் காட்டினார். எந்தப் பயிற்சியாளர் தன் கணக்கு தப்பிய ஆட்டத்தை, தானே எடுத்து ஆட்டக்காரர்கள் முன்னால் வைப்பார்?

போபோவிச்சுக்கும் அதிர்ஷ்டம் உண்டு, மறைக்கக் கூடாது. 1997-ல் டங்கன் கிடைத்ததே குலுக்கலில் முதல் சீட்டு விழுந்ததால்தான்.

2014-ல் அதே இரண்டு அணிகளும் மறுபடி இறுதிப் போட்டியில் மோதின. 4-1 என்று ஸ்பர்ஸ் ஜெயித்தது. அது போபோவிச்சுக்கு 5-வது கோப்பை, கடைசிக் கோப்பையும் அதுதான். 11 எங்கே, 5 எங்கே என்று கேட்பவர்கள், அந்த இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்குப் போனது என்றும் பார்க்கட்டும்.

பிரீ த்ரோவைக் கோட்டை விட்ட அதே லியோனார்டுக்கு!