இணையவழி மனநல ஆலோசனை: கேட்டுத் தெளிவோம்



புதுச்சேரியில் வீட்டிலிருந்தபடியே கைப்பேசி வழியாகத் தனியார் மனநல ஆலோசகரை நாடுவோர் இன்று பலர். நல்ல மாற்றம்தான். ஆனால், முதல் அமர்வு பெரும்பாலும் அறிமுகத்திலும் கேள்விகளிலுமே கழியும். ஒரே நாளில் தீர்வை எதிர்பார்க்கக் கூடாது. பணம் கட்டும் முன் ஆலோசகரின் படிப்பு, கட்டணம், ரகசியக் காப்பு பற்றித் தயங்காமல் கேளுங்கள். மருத்துவரல்லாத ஆலோசகர் மருந்து எழுதித்தர முடியாது. அதற்கு ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான எண்ணம் வந்தால் அடுத்த அமர்வுவரை காத்திருக்க வேண்டாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி மனநல உதவிச் சேவையை 14416 எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணைப் பள்ளி, கல்லூரி, பேருந்து நிலையம் எங்கும் புதுவை அரசு எழுதி வைக்க வேண்டும்.

– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.