அர்ஷாக்கின் கடலோர விடுதி



பினாங்கின் ஜார்ஜ் டவுனில், ஃபார்க்குவார் தெருவை ஒட்டி வெள்ளை வெளேரென்று நீண்டு நிற்கிறது 'ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல்' ஹோட்டல். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் 'ஈ அண்ட் ஓ'. முன்வாசல் தெருவைப் பார்க்கும். பின்பக்கப் புல்வெளி முடிகிற இடத்தில் கடல். கட்டடத்தின் அழகை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதை நடத்திய மனிதர்களைப் பற்றிப் பேசத்தான் ஆசை.

பாரசீகத்தின் இஸ்பஹானிலிருந்து வந்த ஆர்மீனியர்கள் அவர்கள். மார்ட்டின், திக்ரான், அவியத், அர்ஷாக் என்று சார்க்கீஸ் குடும்பத்து அண்ணன் தம்பிகள் நால்வர். 1880களில் மூத்தவர்கள் இருவரும் பினாங்கில் 'ஈஸ்டர்ன்', 'ஓரியண்டல்' என்று இரண்டு விடுதிகளை நடத்தினார்கள். பிறகு இரண்டும் ஒன்றாகி, கடலோரத்து ஓரியண்டல் இரு பெயரையும் சுமந்துகொண்டது. சூயஸ் கால்வாய் திறந்த பிறகு நீராவிக் கப்பல்கள் பெருகிய காலம். கரையிறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு நல்ல அறையும் சாப்பாடும் வேண்டியிருந்தன. திக்ரான் சிங்கப்பூர் போய் 1887 டிசம்பரில் ராஃபிள்ஸ் ஹோட்டலைத் திறந்தார். அவியத் ரங்கூனில் 1901இல் ஸ்ட்ராண்ட் ஹோட்டலைத் திறந்தார். பினாங்கு, கடைக்குட்டி அர்ஷாக்கின் ஊரானது.

அர்ஷாக்கைப் பற்றிய கதைகள் இன்றும் அந்த ஊரில் உலவுகின்றன. தலையில் விஸ்கி கிளாஸை வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் நடனமாடுவாராம். கையில் காசில்லாத தோட்டத்துரை ஊருக்குக் கப்பலேறும்போது, பாக்கியைக் கேட்காமலே வழியனுப்பி வைப்பாராம். இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு ஊர்ப்பேச்சு என்று பிரிப்பது கடினம். ஆனால் ஒரு விடுதியைச் சத்திரத்து மனசோடு நடத்தியவர் என்று அவரை நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது. 1920களில் அவர் எழுப்பிய விக்டரி அனெக்ஸும் கணக்குப் பார்த்துக் கட்டியதாகத் தெரியவில்லை, அத்தனை தாராளம்.

அந்தத் தாராளத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ரப்பரிலிருந்து. மேசையில் அமர்ந்து குடித்த துரைமார்களின் சம்பளம், விடியுமுன் எழுந்து பால் வெட்டிய தமிழர்களின் உழைப்பு. அந்தத் துரைமார்கள் வந்திறங்கிய அதே துறைமுகத்தில்தான் நாகப்பட்டினத்துக் கப்பல்களிலிருந்து நம்மவர்கள் மூட்டையும் குழந்தைகளுமாக இறங்கினார்கள். அவர்களுக்கு ஈ அண்ட் ஓவின் வாசல் திறக்கவில்லை.

1929க்குப் பிறகு உலகம் முழுக்க மந்தம். ரப்பர் விலை சரிந்ததும் துரைமார்களின் பாக்கி வராக்கடன் ஆனது. தோட்டங்களில் வேலையிழந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1931இல் அர்ஷாக் இறந்தார்; அதே ஆண்டு சார்க்கீஸ் நிறுவனம் திவாலானது. விடுதிக்காரர்களைக் கவிழ்த்ததும் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளைக் காலி செய்ததும் ஒரே சரிவுதான். வரலாற்றுப் பக்கங்களில் முதலாவது கதையாக நிற்கிறது, இரண்டாவது பெரும்பாலும் எண்ணிக்கையாக மட்டும் நிற்கிறது. இது எனக்கு உறுத்துகிறது.

விடுதி பிழைத்துக்கொண்டது. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தைக் கடந்து, கைமாறி, 1996இல் மூடப்பட்டு, புதுப்பிக்கப்பட்டு 2001இல் மறுபடி திறந்தது. சிங்கப்பூரில் கடலை மண்ணிட்டுத் தூர்த்ததால் ராஃபிள்ஸ் இன்று கரையை விட்டுத் தள்ளி நிற்கிறது. ஈ அண்ட் ஓவுக்குக் கடல் இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது.

அங்கே தங்கிய சாமர்செட் மாம், ஹெர்மன் ஹெஸ்ஸே ஆகியோரின் பெயர்களை எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே துணி வெளுத்தவர், சமைத்தவர், தோட்டம் பார்த்தவர், வாசலில் ரிக்‌ஷா இழுத்தவர் யார் யார்? உங்கள் தாத்தா, பாட்டி எவரேனும் பினாங்கு விடுதிகளிலோ துறைமுகத்திலோ வேலை பார்த்திருந்தால், அவர்கள் சொன்னதை எங்களுக்கு எழுதுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் அதன் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள். வரும் இதழ்களில் பெயரோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்