வேளாண்மை என்னும் சொல்

வேளாண்மை என்றவுடன் ஏரும் நீரும் பயிருமே நம் நினைவுக்கு வருகின்றன. கோவையில் 1971ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பல்கலைக்கழகமும் இப்பொருளிலேயே அச்சொல்லைத் தன் பெயரில் தாங்கி நிற்கிறது. ஆதலின், அது உழவர்க்குரிய சொல், தமக்குரியதன்று என்று நெசவாளர் எண்ணுவது இயல்பே. ஆயின் திருக்குறளைப் புரட்டிப் பார்ப்போர் வேறொன்றைக் காண்பர்.

பயிர்த்தொழிலைப் பற்றி வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'உழவு'. அவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஒன்றிலேனும் வேளாண்மை என்ற சொல் இல்லை. அச்சொல் வருவது விருந்தோம்பல், ஒப்புரவறிதல், ஆள்வினையுடைமை ஆகிய அதிகாரங்களில். அங்கெல்லாம் அதன் பொருள் பிறர்க்கு உதவுதல் என்பதே. பரிமேலழகரும் பெரும்பாலும் 'உபகாரம்' என்றே உரை கண்டார்.

வேள் என்பது விருப்பத்தைக் குறிக்கும் அடிச்சொல். வேட்கை என்பதும் அதிலிருந்து பிறந்ததே. வேளாண்மையின் பிறப்பை அறிஞர் பலவாறு கூறுவர். எனினும் விருப்பத்தோடு பிறரைப் பேணும் தன்மை என்று கொள்வது குறளின் வழக்கோடு பொருந்துகிறது. ஊருக்குச் சோறிடுவோன் உழவன். ஆதலின் பண்பின் பெயர் அவன் தொழிலுக்கு உரியதாயிற்று என்று நாம் கருதுகிறோம். அது உழவனுக்குப் பெருமையே. ஆனால் தொழிலின் பெயர் நிலைத்தபின் பண்பின் பெயர் மறைந்துவிட்டதே, அதுதான் இழப்பு.

வள்ளுவர் வேளாண்மையைத் தாளாண்மையோடு, அஃதாவது விடாமுயற்சியோடு, பிணைத்துள்ளார் என்பதையும் நாம் கருதவேண்டும். உழைப்பில்லாதவனிடத்தில் உதவும் பண்பு நிலைபெறாது என்பது அவர் கருத்து. எனவே வேளாண்மை என்பது செல்வர் வீசும் கொடையன்று; உழைப்போர் தம் உழைப்பால் பிறரைத் தாங்குவது. அங்ஙனமாயின் தறியில் அமர்ந்தவனும் வேளாண்மை செய்யலாமன்றோ?

கூட்டுறவுச் சங்கத்தில் அதற்கு இடம் நிறைய உண்டு. அறுவடை முடிந்ததும் பயிர்க்கடனைத் தவணை தவறாமல் செலுத்தும் உழவர் தம் கடனை மட்டும் தீர்க்கவில்லை. அடுத்த பருவத்தில் விதையும் உரமும் வாங்கவேண்டிய அயலாருக்கு வழி திறக்கிறார். வசதியிருந்தும் செலுத்தாதவர் அவ்வழியை அடைக்கிறார். அவ்வாறே, அளவும் தரமும் குறையாமல் நெய்து தரும் நெசவாளர் சங்கத்தின் பெயரைக் காத்து, மற்ற நெசவாளரின் சேலைகளுக்கும் விலை தேடித் தருகிறார்.

மழைக்காலத்தை எண்ணிப் பாருங்கள். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்த வெயில் இல்லை. குழித்தறியில் நீர் ஊறுகிறது. தறி ஓய்ந்தால் கூலி இல்லை. கூலி இல்லையேல் அடுப்பும் ஓய்கிறது. சட்டமும் துணைவிதிகளும் இடந்தரும் அளவில், சங்க இலாபத்தில் ஒரு பகுதியை இக்குடும்பங்களுக்கென ஒதுக்கிவைத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

'எங்கள் பங்கு ஈவு குறையுமே' என்று சிலர் கூறுவர். அது புறந்தள்ளத்தக்க கவலையன்று. சிறு உறுப்பினருக்கு ஒவ்வொரு ரூபாயும் பெரிதே. ஆயினும் இவ்வாண்டு உதவி பெறுபவர் மறு ஆண்டு உதவி அளிப்பவராகலாம். இன்று அளிப்பவருக்கும் ஒருநாள் தறி ஓயலாம், பயிர் பொய்க்கலாம். 1995ஆம் ஆண்டு மான்செஸ்டரில் உலகக் கூட்டுறவாளர் கூடி ஏற்ற ஏழு கோட்பாடுகளில் இறுதியானது சமூகத்தின்பால் அக்கறை. அவர்கள் கோட்பாடாக வகுத்ததற்கு நம் மொழியில் நெடுங்காலமாகவே ஒரு சொல் இருக்கிறது.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் இலாபத்தைப் பகிரும் தீர்மானம் வரும்போது உறுப்பினர் அனைவரும் அச்சொல்லை அதன் பழம்பொருளோடு நினைவுகூர்வாராக. விளைவிப்பது உழவு, விளைந்ததைக்கொண்டு ஒருவரையொருவர் தாங்குவதே வேளாண்மை.