உடம்புக்குள் ஒரு கடியாரம்

பரீட்சைக் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் காலை நாலு மணிக்கே ஒரு குரல் கேட்கும்: "எழுந்திருடா! விடியற்காலையில் படித்தால்தான் மனத்தில் நிற்கும்." பிள்ளையும் எழுந்து உட்காருவான். புத்தகம் திறந்திருக்கும், கண் மூடியிருக்கும். உடனே 'சோம்பேறி' என்ற பட்டம் கிடைக்கும். அது நியாயந்தானா என்று சற்று யோசிப்போமே, சகோதரிகளே!

கூடத்துச் சுவரில் மட்டுமல்ல, நம் உடம்புக்குள்ளும் ஒரு கடியாரம் ஓடுகிறது. 1729-ல் பிரெஞ்சு வான சாஸ்திரி மேரான், தொட்டாற்சுருங்கி இனத்துச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயில் படாமலே அதன் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் கூம்பின! உயிரணுக்களுக்குள் இந்தக் கடியாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈயைக் கொண்டு விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம்முடைய தலைமைக் கடியாரம் மூளையில் இருக்கிறது. கண் வழியே வரும் வெளிச்சந்தான் அதற்குச் சாவி. இருட்டியதும் மெலடோனின் என்ற சுரப்பு பெருகித் தூக்கத்துக்கு வழி செய்கிறது. பின்னிரவு நாலைந்து மணி சுமாருக்கு உடம்புச் சூடு மிகவும் தணிகிறது; அந்நேரத்தில்தான் தூக்கம் அழுத்துகிறது.

பருவ வயதில் இந்தக் கடியாரம் பின்தங்கி ஓடும். பதினோரு மணிக்கு முன் பிள்ளைக்குத் தூக்கம் வராதது வெறும் பிடிவாதமல்ல. அந்த வயதில் எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். நாலு மணிக்கு எழுப்பினால் ஐந்து மணி நேரந்தானே மிச்சம்? படித்தது மனத்தில் பதிவதற்கும் தூக்கம் அவசியம். படிப்புக்காகத் தூக்கத்தைக் கெடுத்தால் நஷ்டம் படிப்புக்கே! கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் எட்டரை மணிக்கு முன் தொடங்கலாகாது என்று சட்டமே செய்து, 2022-லிருந்து அமுல்படுத்தினார்கள். இயல்பாகவே சீக்கிரம் தூங்கிச் சீக்கிரம் விழிக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு விடியற்காலைப் படிப்பு ஒத்துவரும். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று கவனியுங்கள்.

இரவு வேலைக்குப் போகிறவர்கள் பாடு இன்னும் கஷ்டம். வெகுகாலம் இரவில் விழித்து உழைப்பது புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று, உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி நிலையம் 2007-ல் எச்சரித்தது. 2019-லும் அதை உறுதி செய்தது. அவர்கள் பகலில் தூங்கும்போது ஜன்னல் திரையை இழுத்து மூடுங்கள். மிக்ஸியைப் பிறகு ஓட்டலாம்.

மற்றவர்களுக்கு யோசனை சுலபம்: காலையில் சிறிது நேரம் வெளிச்சத்தில் நில்லுங்கள், தினம் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், படுக்கைக்குச் செல்போனை எடுத்துப் போகாதீர்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. வீட்டில் எல்லாருக்கும் பின்னால் படுத்து, எல்லாருக்கும் முன்னால் எழுந்திருப்பவர் யார்? நீங்கள்தானே! உங்களுக்கும் ஒரு கடியாரம் உண்டு, அம்மா. பாத்திரம் காலை வரை காத்திருக்கும். இன்றிரவு நேரத்தோடு படுத்துக்கொள்ளுங்கள்.